கைப்பிடி லேசானால் காபி கெட்டது!

காபி என்றால் தமிழர்களுக்குப் பில்டர்தான். சொட்டுச் சொட்டாக டிகாக்ஷன் இறங்கும் வரை காத்திருப்பார்கள். இத்தாலிக்காரர்களுக்கு அந்தப் பொறுமை கிடையாது! வெந்நீரை அழுத்தித் தள்ளி, அரை நிமிடத்தில் ஒரு சின்னக் கோப்பை காபியை இறக்கி விடுவார்கள். அதுதான் எஸ்பிரெசோ.

மிலான் நகரைச் சேர்ந்த லூயிஜி பெஸ்ஸேரா 1901-ல் இதற்கான ஓர் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். அது நீராவியின் பலத்தில் ஓடியது. காபியில் கருகல் வாடை வீசியது. அதே நகரத்துக்காரரான அக்கிலே காஜியா அந்தக் குறையைத் தீர்த்தார். கைப்பிடி, பிஸ்டன், சுருள்வில் வைத்த அவருடைய இயந்திரம் 1948-ல் விற்பனைக்கு வந்தது. காபியின் மேல் பொன்னிற நுரை நின்றது.

அவை கடைகளுக்கான பெரிய இயந்திரங்கள். வீட்டுக்கு ஏற்ற சின்ன இயந்திரத்தை லா பவோனி நிறுவனம் 1961-ல் வெளியிட்டது. பெயர் யூரோபிக்கோலா. இதில் சுருள்வில்லும் இல்லை. எல்லாம் கையின் பலம்தான்!

சைக்கிள் பம்பு மாதிரி

கைப்பிடியைத் தூக்கினால் பிஸ்டன் மேலே போகும். கொதிகலனில் இருந்து வெந்நீர் உள்ளே வரும். கைப்பிடியை அழுத்தினால் பிஸ்டன் அந்த நீரைக் காபித்தூளின் வழியே தள்ளும். நீர் பக்கவாட்டில் நழுவாமல் தடுப்பவை பிஸ்டனைச் சுற்றியுள்ள இரண்டு ரப்பர் வளையங்கள்.

சைக்கிள் பம்பில் தோல் வாஷர் காய்ந்து போனால் என்ன ஆகும்? கை சுலபமாக இறங்கும். டயரில் காற்று ஏறாது. இங்கும் அதே கதைதான். சூட்டில் கிரீஸ் வற்றிவிடும். ரப்பர் இறுகிவிடும். கைப்பிடி லேசாக இறங்கும். காபி நீர்த்துப் போகும்.

அவசரம் வேண்டாம்

கைப்பிடி லேசானதும் ஸ்பேனரைத் தேடக் கூடாது. தூள் கொரகொரப்பாக இருந்தாலும், அளவு குறைந்தாலும் கைப்பிடி லேசாகத்தான் இறங்கும். தூளை நைசாக அரைத்து, அளவாகப் போட்டு, ஒரு முறை பார்க்க வேண்டும். அதிலும் சரியாகாவிட்டால்தான் ரப்பரைச் சந்தேகிக்க வேண்டும்.

கைப்பிடி கீழே இருக்கும்போதே நீர் சொட்டினால், கோளாறு கீழ் வளையத்தில். பிஸ்டன் தண்டின் பக்கமாக மேலே கசிந்தால், மேல் வளையமோ தண்டைச் சுற்றியுள்ள வளையமோ தேய்ந்திருக்கும். தூள் போடும் கரண்டியின் ஓரமாக வழிந்தால், அது பொருந்தும் இடத்தில் உள்ள பெரிய வளையம் போய்விட்டது.

கழற்றுவது எப்படி?

முதலில் மின்சாரப் பிளக்கைப் பிடுங்க வேண்டும். இயந்திரம் நன்றாக ஆற வேண்டும். நீராவிக் குழாயைத் திறந்து, உள்ளே அழுத்தம் இல்லை என்று நிச்சயப்படுத்திக் கொள்ள வேண்டும். சூடாக இருக்கும்போது கொதிகலனின் மூடியைத் திறந்தால் கொதிநீர் முகத்தில் பாயும். நீராவி ஓயாத பிரஷர் குக்கரைத் திறப்பது எத்தனை ஆபத்தோ, அத்தனை ஆபத்து இது!

கைப்பிடியைத் தாங்கும் ஊசிகளின் கிளிப்புகளை நெம்பி எடுக்கலாம். அவை தெறித்துக் காணாமல் போகும். அடியில் ஒரு துணி விரிப்பது நல்லது. பிறகு கீழே உள்ள பெரிய வளையத்தையும் சல்லடையையும் எடுத்தால், பிஸ்டன் கீழ்ப்பக்கமாக வெளியே வரும்.

பழைய வளையங்களின் உதடு எந்தப் பக்கம் பார்த்திருந்தது என்று கவனிக்க வேண்டும். மேல் வளையத்தின் உதடு மேலேயும், கீழ் வளையத்தின் உதடு கீழேயும் பார்க்கும். மாற்றிப் போட்டால் புது வளையமும் கசியும்.

பிஸ்டன் ஓடும் குழாயில் படிந்த காபிப் பிசுக்கைத் துணியால் துடைத்தால் போதும். உப்புக்காகிதம் கூடாது, ஒரு கீறல் விழுந்தால் எந்த ரப்பரும் நிற்காது. புது வளையங்களை வெந்நீரில் சற்று ஊறவைத்தால் சுலபமாக ஏறும். உணவுப் பொருளுக்கு ஏற்ற சிலிக்கான் கிரீஸை மெல்லத் தடவ வேண்டும். தையல் மிஷின் எண்ணெயும் வாசலினும் கூடாது. அவை ரப்பரைக் கெடுக்கும், காபியிலும் கலக்கும்.

திரும்பப் பூட்டியதும், தூள் இல்லாமல் வெறும் வெந்நீரைச் சில முறை இறக்கிக் கொட்டிவிட வேண்டும்.

இரண்டு எச்சரிக்கைகள்

2000-ம் ஆண்டை ஒட்டி இந்த இயந்திரத்தின் பிஸ்டன் பகுதி மாற்றி அமைக்கப்பட்டது. அதற்கு முந்திய இயந்திரத்தின் வளையம் பிந்தியதில் சேராது. எந்த வருடத்து இயந்திரம் என்று தெரிந்த பிறகே வளையம் வாங்க வேண்டும்.

கொதிகலனின் சூடேற்றும் சுருளோ, சுவிட்சோ கெட்டால், அது எலெக்ட்ரீஷியனின் வேலை. நீரும் மின்சாரமும் சேரும் இடத்தில் சோதனை செய்யக் கூடாது. பாதுகாப்பு வால்வை ஒருபோதும் அடைக்கவும் கூடாது.

பித்தளையும் இரும்பும் பல பத்தாண்டுகள் உழைக்கும். தேய்வது ரப்பர் மட்டுமே. அந்தச் சிறு வளையத்துக்காக முழு இயந்திரத்தையும் பழைய இரும்புக் கடைக்கு அனுப்புகிறவர்கள் உண்டு. பம்பில் காற்று வரவில்லை என்று சைக்கிளையே விற்பதற்கு அது சமம்!