நிலுவை வைத்திருக்கும் தாய் ஏன் கூட்டத்துக்கு வருவதில்லை?

வன்னியில் ஒரு கிராமப் பாடசாலையின் அபிவிருத்திச் சங்கத்தில் பல வருடங்களாக உறுப்பினராக இருக்கும் ஒருவரை அண்மையில் சந்தித்தேன். தோட்டம் செய்பவர். பெயரையும் பாடசாலையையும் எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். தன் மூன்று பிள்ளைகளையும் அதே பாடசாலைக்குத்தான் அனுப்பினார். அவரிடம் உறுதியான ஒரு நம்பிக்கை இருக்கிறது: அரச பாடசாலை எந்தப் பிள்ளையிடமும் காசு கேட்கக்கூடாது. சங்கத்தில் இருக்கும் பலர் அவரோடு உடன்படுவதில்லை.

பாடசாலை அபிவிருத்திச் சங்கம் என்பது அதிபரைத் தலைவராகக் கொண்டது. ஆசிரியர்கள், பெற்றோர், பழைய மாணவர்கள், நலன்விரும்பிகள் இதில் அங்கம் வகிக்கிறார்கள். பாடசாலையின் குறைநிறைகளைப் பேசித் தீர்ப்பதற்கான இடம் இது. ஆனால் பல ஊர்களில் சங்கம் என்றவுடன் பெற்றோருக்கு ஞாபகம் வருவது காசுதான். வசதிக் கட்டணம், விளையாட்டுப் போட்டிக்குப் பணம், ஒளிவிழாவுக்குப் பணம், போட்டோப் பிரதிக்குப் பணம் என்று பட்டியல் நீளும்.

கல்விதான் இலவசமாயிற்றே, பிறகு ஏன் இந்தக் காசு என்று பெற்றோர் கேட்பது நியாயம். சி.டபிள்யூ.டபிள்யூ. கன்னங்கரா கல்வி அமைச்சராக இருந்த காலத்தில், 1945 ஒக்டோபர் முதலாம் திகதி முதல் இலங்கையில் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. 1980இல் இலவசப் பாடநூல்களும் 1993இல் இலவசச் சீருடைத் துணியும் வந்தன. இவை எதுவும் அரசாங்கத்தின் தானம் அல்ல. 2024 ஜனவரியிலிருந்து பெறுமதிசேர் வரி 18 வீதம். கூலிவேலைக்குப் போகும் தாய் கடையில் சவர்க்காரம் வாங்கும்போதும் அந்த வரியைக் கட்டுகிறார். பாடசாலைக்கான காசை அவர் ஏற்கெனவே கொடுத்துவிட்டார் என்பதே அந்த உறுப்பினரின் வாதம்.

அதிபர்களின் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. குழாய் உடைந்தால் வலயக் கல்விப் பணிமனையிலிருந்து பணம் வரும்வரை பிள்ளைகளைத் தண்ணீர் இல்லாமல் வைத்திருக்க முடியாது. நகரத்துப் பெரிய கல்லூரிகளுக்கு இலண்டனிலும் ரொறன்ரோவிலும் பழைய மாணவர் சங்கங்கள் உண்டு. கிராமத்துப் பாடசாலைக்குப் பெற்றோரை விட்டால் ஆள் இல்லை. எனவே அதிபர் பெற்றோரிடம் கேட்கிறார். அதாவது, மிகவும் வறிய பாடசாலை மிகவும் வறிய பெற்றோரிடம் கேட்கிறது.

கொடுக்க முடியாதவர்கள் என்ன செய்கிறார்கள்? போரில் கணவரை இழந்த அல்லது காணாமல் ஆக்கப்பட்டவரைத் தேடிக்கொண்டிருக்கும் தாய்மார் பலர் இந்தப் பிரதேசத்தில் இருக்கிறார்கள். கட்டணம் நிலுவையில் இருக்கும் தாய் கூட்டத்துக்கு வரமாட்டார். எல்லார் முன்னாலும் பெயர் வாசிக்கப்படும் என்ற கூச்சம். பெயர் வாசிக்கப்படும் நாளில் பிள்ளையும் பாடசாலைக்குப் போகாது. நிலுவையால் இழப்பது காசு மட்டுமல்ல என்கிறார் அந்த உறுப்பினர். பாடசாலையால் மிகவும் பாதிக்கப்படுகிறவரின் வாய் அங்கே அடைபடுகிறது. வராதவர்களின் சார்பில் வந்தவர்கள் தீர்மானம் எடுக்கிறார்கள்.

வடக்கில் இது இன்னும் பாரதூரமானது. 1987இல் வந்த 13ஆவது திருத்தத்தின்படி தேசிய பாடசாலைகள் தவிர்ந்த ஏனைய அரச பாடசாலைகள் மாகாண நிர்வாகத்தின் கீழ் உள்ளன. வட மாகாண சபையின் பதவிக்காலமோ 2018 ஒக்டோபரில் முடிந்துபோனது. அதன் பின்னர் ஆளுநரின் கீழேயே நிர்வாகம் நடந்துவருகிறது. கணித ஆசிரியர் இல்லை என்று முறையிடுவதற்கு நாங்கள் வாக்குப் போட்டுத் தெரிவுசெய்த மாகாண உறுப்பினர் இல்லை. எஞ்சியிருக்கும் மிகக் கிட்டிய பொது இடம் அபிவிருத்திச் சங்கக் கூட்டம்தான். அதையும் வசூல் மேசையாக்கிவிட்டால் வேறெங்கே போய்ப் பேசுவது?

அந்த உறுப்பினரின் நம்பிக்கை புத்தகத்தில் படித்து வந்ததல்ல. இடம்பெயர்ந்த காலத்தில் மரத்தடியில் வகுப்பு நடந்ததையும், சனமே தடி வெட்டிக் கொட்டில் போட்டுக் கொடுத்ததையும் கண்டவர். வவுனியா முகாம்களுக்குள் அடைபட்டிருந்த மாணவர்கள் 2009 ஆகஸ்டில் உயர்தரப் பரீட்சைக்குத் தோற்றியதையும் நினைவுபடுத்தினார். ஒன்றுமே இல்லாதபோது ஒரு பிள்ளையையும் வெளியே விடாத சமூகம், கட்டடம் வந்த பிறகு ஏன் விடவேண்டும் என்று கேட்டார்.

தன் சங்கத்தில் அவர் முன்வைத்த யோசனைகள் எளிமையானவை. பிள்ளைக்கு இவ்வளவு என்று தலைக்கணக்கில் வசூலிக்க வேண்டாம். முடிந்தவர் முடிந்ததைக் கொடுக்கட்டும், முடியாதவர் சிரமதானத்துக்கு வரட்டும். யார் கொடுக்கவில்லை என்று எந்தக் கூட்டத்திலும் வாசிக்க வேண்டாம். ஆசிரியர் வெற்றிடம் பற்றி வலயத்துக்கு எழுத்தில் கேட்போம். முதலிரண்டையும் சங்கம் இன்னும் ஏற்கவில்லை. பெயர் வாசிப்பது மட்டும் நின்றிருக்கிறது.

பெற்றோர் அறிந்திருக்க வேண்டிய இன்னொரு விடயம்: 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் வலயக் கல்விப் பணிமனையிடம் எழுத்தில் தகவல் கோரலாம். உங்கள் பாடசாலைக்கு எத்தனை ஆசிரியர்கள் அனுமதிக்கப்பட்டிருக்கிறார்கள், எத்தனை பேர் இருக்கிறார்கள், எவ்வளவு நிதி வந்தது என்று கேட்கலாம். தகவல் தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலைநாட்களுக்குள் அறிவிக்க வேண்டும். அந்தக் கடிதத்தில் கையெழுத்திட, கட்டணம் கட்டிய பற்றுச்சீட்டு எவருக்கும் தேவையில்லை.