ஓடுபவர் முதுகும் பந்தின் மென்மையும்

கோடை வந்துவிட்டால் டென்மார்க்கின் பள்ளி மைதானங்களில் ருண்ட்போல்ட் களைகட்டும். ‘ருண்ட்’ என்றால் வட்டம், ‘போல்ட்’ என்றால் பந்து. ஒரு மட்டை, ஒரு டென்னிஸ் பந்து, நிலைகளுக்கு அடையாளமாகக் கழற்றிப் போட்ட நாலு ஸ்வெட்டர். இவ்வளவுதான் முதலீடு. அடித்தவர் நிலைகளைச் சுற்றி ஓட வேண்டும். பந்து போட்டவரின் கைக்கு அது திரும்பி வந்ததும், ‘செத்தது’ என்ற பொருளுள்ள டேனிஷ் சொல்லை அவர் கத்துவார். அந்த நொடியில் இரண்டு நிலைகளுக்கு நடுவே மாட்டியவர் அவுட்.

இந்த ஆட்டத்தில் பந்துதான் கடிகாரம். பந்து 30 மீட்டர் தள்ளி விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் ஓடிப்போய் எடுக்க 3 விநாடி, எறிந்த பந்து வந்துசேர 2 விநாடி. நொடிக்கு 5 மீட்டர் ஓடும் சிறுமிக்குக் கிடைப்பது 25 மீட்டர். அடுத்த நிலைக்குப் போகலாமா, இங்கேயே நிற்கலாமா? பத்து வயதுக் குழந்தை இந்தக் கணக்கை ஓடிக்கொண்டே போட்டுவிடுகிறது!

இதற்கு இன்னொரு டேனிஷ் உறவும் உண்டு: லாங்போல்ட், அதாவது நீளப்பந்து. எதிர்க்கோடு வரை ஓடித் திரும்ப வேண்டும். வழியில் பந்தால் அடிபட்டால் அவுட். இலங்கையில் சித்திரைப் புத்தாண்டுக்கு ஆடும் எல்லே ஆட்டத்திலும் இதே விதிதான்.

இந்த ஒற்றை விதிக்குள் ஒரு பொறியியலே ஒளிந்திருக்கிறது. ஆள்மேல் எறிய வேண்டுமென்றால் பந்து மென்மையாக இருந்தே ஆகவேண்டும். இன்றைய பேஸ்பால் பந்து சுமார் 145 கிராம். டென்னிஸ் பந்து 58 கிராம். மணிக்கு 72 கிலோமீட்டர் வேகத்தில் பேஸ்பால் முதுகில் பட்டால், ஒரு கிலோ உப்புப் பொட்டலம் மூன்று மீட்டர் உயரத்திலிருந்து விழுந்த ஆற்றல். டென்னிஸ் பந்தென்றால் அதே பொட்டலம் இடுப்புக்குச் சற்று மேலிருந்து விழுந்தது போல. அதோடு, லேசான பந்தின் வேகத்தைக் காற்று ஏறக்குறைய இரு மடங்கு விரைவில் குறைத்துவிடும். பந்து வெகுதூரம் பறக்காது, அதனால் சின்ன மைதானமே போதும்.

பேஸ்பாலிலும் முதலில் இந்த விதி இருந்தது. 1845இல் நியூயார்க்கின் நிக்கர்பாக்கர் பேஸ்பால் சங்கம் ஓடுபவர்மேல் பந்தை எறியக்கூடாது என்று விதி எழுதியது. முதுகுக்குப் பாதுகாப்பு வந்ததும் பந்து கெட்டியாகத் தடையில்லை. கெட்டிப்பந்து தொலைவில் பறந்தது, மைதானம் விரிந்தது, பின்னாளில் கையுறையும் வந்தது. இன்றைய பேஸ்பாலின் பிரம்மாண்டத்தில் பாதி, நீக்கப்பட்ட அந்த ஒரு விதியின் விளைவு என்றே நான் நினைக்கிறேன்.

பேஸ்பாலின் விதிகளை அதற்கும் அரை நூற்றாண்டு முன்பே, 1796இல், ஜெர்மானிய உடற்பயிற்சி ஆசிரியர் குட்ஸ்மூட்ஸ் அச்சிட்டுவிட்டார். எறிபவர் ஐந்தாறு எட்டுத் தொலைவில் நின்று பந்தை மெல்லத் தூக்கிப்போடுவார். அடிப்பவருக்கு மூன்று வாய்ப்பு. குட்ஸ்மூட்ஸின் உடற்பயிற்சிக் கருத்துகளால் ஈர்க்கப்பட்ட ஃபிரான்ஸ் நாக்டெகால் 1799இல் கோபன்ஹேகனில் பயிற்சிக்கூடம் திறந்தார். 1814இல் டென்மார்க்கின் பள்ளிச் சட்டத்தில் உடற்பயிற்சி இடம்பெற்றது.

அமெரிக்காவில் பழைய பேஸ்பால் ஆட்டத்தை மீட்கத் தனிச் சங்கமே 1996இல் தொடங்கினார்கள். 1860களின் உடையணிந்து, கையுறையில்லாமல் ஆடுகிறார்கள். டென்மார்க்கின் பிள்ளைகளுக்கு அந்த மீட்பு தேவைப்படவில்லை; அவர்கள் ருண்ட்போல்ட் ஆடுவதை நிறுத்தவே இல்லை. உங்கள் தெருவில் எட்டுப் பேரும் ஒரு டென்னிஸ் பந்தும் இருந்தால் நாளை மாலையே ஆடிப் பாருங்கள்.