‘நெகடிவ்’ ரிப்போர்ட்டை நம்புவதற்கு முன்

மந்தைவெளியில் காய்ச்சல், இருமல் என்றால் இப்போது லேபுக்குப் போகக்கூட வேண்டியதில்லை. போன் செய்தால் வீட்டுக்கே ஆள் வந்து மூக்கில் ஸ்வாப் எடுத்துக்கொண்டு போகிறார். சாம்பிள் நகரின் வேறொரு பகுதியில் உள்ள ஆய்வகத்துக்குப் போகிறது, ரிப்போர்ட் வாட்ஸ்அப்பில் வருகிறது. ‘நெகடிவ்’ என்று பார்த்ததும் பேரனைப் பாட்டியின் பக்கத்தில் படுக்க விடுகிறோம். ஆனால் அந்த நெகடிவ் இரண்டு வகையில் வரலாம்: கிருமி இல்லாததால் வரலாம்; சோதனையே சரியாக நடக்காததாலும் வரலாம்.

இரண்டையும் பிரித்துக் காட்டத்தான் பிசிஆர் சோதனையில் ‘இன்டர்னல் கன்ட்ரோல்’ இருக்கிறது. கிருமியைத் தேடும் அதே சாம்பிளில், கிடைத்தே தீரவேண்டிய இன்னொன்றையும் இயந்திரம் தேடும். அமெரிக்காவின் நோய்த் தடுப்பு மையமான சிடிசி கோவிட்டுக்காக வடிவமைத்த சோதனையில் அது ஆர்னேஸ்-பி என்ற மனித மரபணு. மூக்கினுள் சரியாகத் தேய்த்து எடுத்திருந்தால் நம் செல்கள் ஸ்வாபில் ஒட்டியிருக்கும், மரபணு தென்படும். தென்படாவிட்டால் ஸ்வாப் ஒழுங்காக எடுக்கப்படாமல் இருக்கலாம். சாம்பிள் வழியில் கெட்டிருக்கலாம். சளியிலுள்ள ஏதோ ஒன்று வேதிவினையைத் தடுத்திருக்கலாம். அப்போது கிருமியும் தெரியவில்லை என்றால் முடிவு ‘இன்வேலிட்’. அதை நெகடிவ் என்று எழுதக்கூடாது.

எல்லாக் கிட்டுகளும் மனித மரபணுவைத் தேடுவதில்லை. சிலவற்றில் எம்எஸ்2 போன்ற, மனிதருக்குத் தீங்கு செய்யாத வைரஸை ஆய்வகத்திலேயே சாம்பிளோடு சேர்ப்பார்கள். ஆய்வக வேலை சரியாக நடந்ததா என்பதை அது சொல்லும். ஸ்வாப் மூக்குக்குள் போனதா என்பதைச் சொல்லாது. யார் மூக்கையும் தொடாத ஸ்வாபை அனுப்பினாலும் கன்ட்ரோல் தேறிவிடும். வாசலில் நின்றபடி அவசரமாக மூக்கு நுனியைத் தடவிவிட்டுப் போகிறவர்களும் இருக்கும்போது, இந்த வேறுபாட்டை நோயாளி தெரிந்துகொண்டே ஆகவேண்டும் என்பேன்.

காசநோய்க்கான ஜீன்எக்ஸ்பர்ட் சோதனையின் கார்ட்ரிட்ஜில் கன்ட்ரோலாக ஒரு பாக்டீரியாவின் வித்துகளை முன்கூட்டியே வைத்திருக்கிறார்கள். காசநோய்க் கிருமியும் தெரியாமல் அந்த வித்துகளும் தெரியாமல் போனால் ‘இன்வேலிட்’ என்று வரும். சளியை மறுபடி கொடுக்க வேண்டும். “ஒன்றும் இல்லையாம்” என்று வீட்டுக்குத் திரும்பிவிட்டால், இருமல் நிற்காதவரோடு சேர்ந்து வீட்டில் உள்ளவர்களுக்கும் ஆபத்து.

கன்ட்ரோல் தேறினாலும் மனிதத் தவறு மிச்சம் இருக்கிறது. இங்கிலாந்தின் வுல்வர்ஹாம்ப்டனில் ஒரு தனியார் ஆய்வகம் 2021 செப்டம்பர், அக்டோபரில் சுமார் 43,000 பேருக்குத் தவறாக நெகடிவ் கொடுத்திருக்கலாம் என்று அந்நாட்டுச் சுகாதாரத் துறை அறிவித்தது. பாசிடிவையும் நெகடிவையும் பிரிக்கும் அளவைத் தவறாக அமைத்ததே காரணம் என்று பின்னர் தெரியவந்தது. வீட்டுக் கிட்டில் பாசிடிவ் வந்தவர்களுக்குப் பிசிஆரில் நெகடிவ் வந்துகொண்டே இருந்த முரண்பாடுதான் அதைக் காட்டிக்கொடுத்தது. ஆகவே உடம்பு ஒன்று சொல்ல, ரிப்போர்ட் வேறொன்று சொன்னால் மருத்துவரிடம் சொல்லி மறுசோதனை கேளுங்கள்.

சோதனைக்கு முன்பே சிலவற்றைக் கேட்கலாம். ஆய்வகத்துக்கு, ஆய்வகங்களின் தரத்தைச் சோதித்து அங்கீகரிக்கும் தேசிய வாரியமான என்ஏபிஎல்லின் அங்கீகாரம் உண்டா, அதில் இந்தக் குறிப்பிட்ட சோதனையும் அடங்குமா? பலகையில் முத்திரை இருப்பதால் எல்லாச் சோதனைக்கும் அங்கீகாரம் என்று ஆகிவிடாது. பட்டியலை என்ஏபிஎல் இணையதளத்திலேயே பார்க்கலாம். கிட்டின் கன்ட்ரோல் எது, இன்வேலிட் வந்தால் மறுபடி பணம் கேட்பீர்களா? பில்லையும், சாம்பிள் எடுத்த நேரம் உள்ள ரிப்போர்ட்டையும் பத்திரப்படுத்துங்கள்.

சந்தேகம் வந்தால், உங்கள் சாம்பிளின் கன்ட்ரோல் முடிவை ஆய்வகத்திடம் எழுத்தில் கேளுங்கள். பதில் திருப்தி தராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது. கட்டணம் வாங்கிச் செய்யும் மருத்துவச் சேவை நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் 1995-இலேயே தீர்ப்பளித்துவிட்டது. 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி, லேபின் தலைமை அலுவலகம் எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே, இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் கொடுக்கலாம். நீங்கள் செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் புகாருக்குக் கட்டணம் கிடையாது. முடிவு தவறாகப் போனது என்பது மட்டுமே அலட்சியத்துக்குச் சான்றாகாது. கன்ட்ரோல் தோற்ற சாம்பிளுக்கு நெகடிவ் எழுதிக் கொடுத்திருந்தால், அது உங்கள் கையில் வலுவான ஆதாரம்.