என்ஜின் மாற்றிய பழைய வேன்: ஸ்டியரிங் அலைவது எதனால்?

ஃபோக்ஸ்வாகன் டைப் 2 வேனின் இரண்டாம் தலைமுறை ஜெர்மனியில் 1967 முதல் 1979 வரை தயாரானது. வெஸ்ட்ஃபாலியா நிறுவனம் அதில் படுக்கை, அடுப்பு, மேலெழும் கூரை வைத்து வீடாக மாற்றிக் கொடுத்தது. காற்றால் குளிரும் 1600 சிசி என்ஜினின் சக்தி ஏறக்குறைய 50 குதிரைத்திறன்தான். மலை ஏறும்போது பின்னால் வரும் லாரிகள் ஹாரன் அடித்தே தீரும். அதனால் பலர் அந்த என்ஜினைக் கழற்றிவிட்டு, அதே போலப் படுக்கைவாக்கில் அமைந்த சுபாருவின் 2.2 லிட்டர் என்ஜினைப் பொருத்துகிறார்கள். சக்தி சுமார் 130 குதிரைத்திறனுக்கு உயர்கிறது. அதோடு ஒரு புகாரும் வந்து சேர்கிறது: வண்டி நேராகப் போகாமல் அலைபாய்கிறது.

பழி புது என்ஜின் மேல் விழுகிறது. பெரும்பாலும் அது அநியாயம். மணிக்கு 80 கிலோமீட்டரில் ஓடியபோது வெளியே தெரியாத தேய்மானம் 110-இல் தெரிகிறது, அவ்வளவே. என்ஜின் மாற்றத்தால் உண்மையில் வரும் மாற்றங்கள் சிலவே. பின் அச்சுக்குப் பின்னால் எடை கூடுவதால் முன்பக்கம் லேசாகிறது. பின் சக்கரங்களைத் தள்ளும் விசை பெருகுகிறது. தண்ணீரால் குளிரும் என்ஜின் என்பதால் ரேடியேட்டருக்கான குழாய்கள் வண்டியின் அடிப்பகுதியில் புதிதாக ஓடுகின்றன. அவை ஸ்டியரிங் தண்டுகளில் எங்கும் உரசவில்லை என்பதைச் சக்கரத்தை இரு பக்கமும் நிதானமாக ஒரு முறை முழுக்கத் திருப்பிப் பார்த்தாலே உறுதி செய்துகொள்ளலாம்.

சோதனையை டயரில் தொடங்குவதே மலிவு. இந்த வேனுக்கு உரியது 185R14C அளவில், சரக்கு வண்டிக்கான கெட்டியான டயர். கார் டயர் மாட்டியிருந்தால் அதன் பக்கச்சுவர் நெளியும். ஓட்டுபவருக்கு அது சஸ்பென்ஷன் பழுதாகவே தோன்றும். பின் டயர்களுக்கு முன் டயர்களைவிடக் காற்று அதிகம் வேண்டும். நான்கிலும் ஒரே அளவு அடித்து வைப்பது அடிக்கடி நடக்கும் தவறு.

அடுத்தது ஆட்டம். முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து உள்ளே வெளியே அசைக்க வேண்டும். ஆட்டம் இருந்தால் ஒருவர் பிரேக்கை மிதித்தபடி இருக்க, மறுபடி அசைக்கலாம். ஆட்டம் மறைந்தால் வீல் பேரிங். மறையாவிட்டால் பால் ஜாயிண்ட். பக்கவாட்டில் மட்டும் ஆடினால் டை ராட் முனைகளைச் சந்தேகிக்கலாம். பிறகு வண்டியைத் தரையில் இறக்கி, ஒருவர் ஸ்டியரிங்கை இடமும் வலமும் சிறிதளவு ஆட்ட, இன்னொருவர் அடியில் படுத்து ஒவ்வொரு இணைப்பிலும் கை வைத்துப் பார்க்க வேண்டும். கண்ணுக்குத் தப்பும் தளர்வு விரலுக்குத் தப்பாது.

இந்த வேனில் மெக்கானிக்குகளே தவறவிடும் ஓர் உறுப்பு உண்டு. ஸ்டியரிங் பாக்ஸிலிருந்து வரும் நீளத் தண்டு நேராகச் சக்கரத்துக்குப் போவதில்லை. முன் அச்சின் நடுவில் ஒரு முளையைச் சுற்றித் திரும்பும் நெம்புகோலை அது இழுக்கிறது. அங்கிருந்துதான் இரு டை ராடுகளும் பிரிகின்றன. அந்த முளையின் புஷ் தேய்ந்தால் வண்டி அலையும். கிரீஸ் காணாமல் இறுகினாலோ, திருப்பிய ஸ்டியரிங் தானாக நடுவுக்கு வராது. இறுக்கம் எங்கே என்று அறிய, முன்பக்கத்தைத் தூக்கி நீளத் தண்டை நெம்புகோலிலிருந்து கழற்றிவிட வேண்டும். சக்கரங்களைக் கையால் திருப்பினால் கனமாக இருக்கிறதா, ஸ்டியரிங்கைத் தனியே சுற்றினால் கனமாக இருக்கிறதா என்பது அப்போது பிரிந்து தெரிந்துவிடும்.

இதையெல்லாம் விட்டுவிட்டு ஸ்டியரிங் பாக்ஸின் திருகை முதலில் முறுக்குவதுதான் வழக்கம். சக்கரம் நேராக இருக்கும் நிலையில், மற்ற இணைப்புகளைச் சரிபார்த்த பிறகே தொட வேண்டிய திருகு அது. அதிகம் முறுக்கினால் பாக்ஸ் நடுவிலேயே பிடித்துக்கொள்ளும். புது ஸ்டியரிங் டேம்பர் மாட்டுவதும் இதே ரகம்தான்: நடுக்கம் அடங்கும், தேய்மானம் அப்படியே இருக்கும்.

இனி பின்பக்கம். ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போது வண்டி ஒரு பக்கமும், காலை எடுத்ததும் மறுபக்கமும் இழுத்தால், பின் ட்ரெய்லிங் ஆர்ம்களின் ரப்பர் புஷ்கள் தளர்ந்திருக்கின்றன. பழைய 50 குதிரைத்திறனைத் தாங்கிய ரப்பர், 130-இல் நெகிழ்ந்து பின் சக்கரங்களையே திசைமாற விடுகிறது. என்ஜின் மாற்றத்தோடு நேரடியாகத் தொடர்புள்ள கோளாறு இது ஒன்றுதான் என்றுகூடச் சொல்லலாம்.

உயரத்தையும் அளக்க வேண்டும். சமதளத்தில் நிறுத்தி, ஒவ்வொரு சக்கரத்தின் நடுவிலிருந்தும் மேலே உள்ள வளைவு வரை அளந்தால் தாழ்வு தெரியும். பின்பக்கம் தாழ்ந்தால் பின் சக்கரங்களின் மேல்புறம் உள்ளே சாயும். டயரின் உள்விளிம்பு தேயும். இங்கே சுருள் வில் கிடையாது. குழாய்க்குள் முறுகும் டார்ஷன் பார்தான் எடையைத் தாங்குகிறது. அதைக் கழற்றி, பல் மாற்றிப் பொருத்தி உயர்த்தலாம். ஆனால் அலமாரியும் தண்ணீர்த் தொட்டியும் இரண்டாம் பேட்டரியும் ஒரே பக்கம் இருந்து வண்டி சாய்ந்தால், முதலில் சாமானை இடம் மாற்றுவதே முறை.

வீல் அலைன்மென்ட் கடைசி வேலை. ஆட்டமுள்ள வண்டிக்கு அலைன்மென்ட் செய்வது காசுக்குக் கேடு. பயணத்துக்கு ஏற்றும் சுமையோடு நிறுத்தி, பின் சக்கரங்களைச் சரிசெய்த பிறகே முன் சக்கரங்களுக்கு வர வேண்டும். இத்தனைக்குப் பிறகும் பக்கக்காற்றில் வண்டி நகர்ந்தால், அது உயர்ந்த தட்டைப் பக்கங்களும் பின்பாரமும் சேர்ந்த இந்த வேனின் பிறவிக்குணம். ஸ்டெப்னியை மூக்குப் பக்கம் மாட்டுவதும் தண்ணீர்த் தொட்டியை முன்னால் நகர்த்துவதும் அதைக் குறைக்கும்; முற்றிலும் போக்காது.