பனிக்குப் பின் மல்லிச்செடி



மெஷின் ஷாப்பைப் பற்றி எழுதாமல் இவன் ஏன் பூச்செடியைப் பற்றி எழுதுகிறான் என்று கேட்பீர்கள். ஐயப்பன்தாங்கலில் எங்கள் வீட்டுக் கொல்லையில் பதினாறு குண்டுமல்லிச் செடிகள் இருக்கின்றன. அம்மா அந்தப் பூவைக் கட்டி விற்பதில்தான் என் பஸ் செலவும் பரீட்சை ஃபீசும். பக்கத்துப் பூந்தமல்லிக்கே பழைய பெயர் பூவிருந்தவல்லி. இப்போது தோட்டமெல்லாம் பிளாட் ஆகிவிட்டது, அது வேறு கதை.

சில வருஷம் மார்கழிக் குளிர் தை வரைக்கும் விடாது. மல்லி இலை பழுத்துக் கொட்டும், குச்சி காய்ந்த மாதிரி நிற்கும். "செத்துப்போச்சு, பிடுங்கிப் போடு" என்பார்கள். பிடுங்காதீர்கள்! நகத்தால் பட்டையைச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. பழுப்பாக இருந்தால் இன்னும் கீழே, அடித்தண்டு வரை சுரண்டிப் பார்க்கணும்.

காரணம் இதுதான். சென்னையில் இதுவரை பதிவான மிகக் குறைந்த வெப்பநிலையே 13.9 டிகிரி, அதுவும் 1895-லும் 1905-லும். தண்ணீர் உறைவதோ 0 டிகிரியில். ஊட்டியில் உறைபனி விழும்போது இலைக்குள் இருக்கும் நீர் உறைந்து இலையே கருகிவிடும். அங்கே பனி முழுக்க விட்ட பிறகுதான் கத்தரியை எடுக்க வேண்டும். முன்னாலேயே வெட்டினால் புதுத் துளிரும் கருகும். குளிர் நாட்டுப் புத்தகங்களும் அதையேதான் சொல்கின்றன. நமக்கு அது ஒத்துவராது. இங்கே செடி தூங்குகிறது, அவ்வளவுதான். மல்லி புதுத் துளிரின் நுனியில்தான் மொட்டு வைக்கும். குளிரில் துளிர் வராது, அதனால் பூவும் வராது. தையில் மல்லி விலை ஏறுவது இதனால்தான்.

ஆகவே கவாத்தைத் தள்ளிப்போடக் கூடாது. நவம்பர் கடைசி வாரத்தில் தரையிலிருந்து 50 சென்டிமீட்டர் உயரத்தில் வெட்டச் சொல்கிறது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம். நம் பக்கம் அப்போது மழை கொட்டும், வெட்டுவாய் அழுகும் என்று அம்மா பயப்படுவார்கள். மழை விட்டதும் வெட்டிவிடுவோம். தை பாதியைத் தாண்ட விடுவதில்லை. பங்குனி, சித்திரையில் எல்லார் வீட்டிலும் பூத்து விலை இறங்கிவிடும். பத்து நாள் முந்திப் பூத்தால்தான் நாலு காசு. வெட்டு பிசிறில்லாமல் இருக்கணும். ஃபைலிங்கில் நமக்குச் சொல்வார்களே, அதேதான்.

வெட்டியபின் மண்ணைக் கொத்தி, செடிக்கு 10 கிலோ மக்கிய தொழுவுரம் போட்டுத் தண்ணீர் விடணும். அதற்கு முன்னால், குளிரில் வாடுகிறதே என்று குடம் குடமாக ஊற்றினால் வேர் அழுகும். குளிர்ந்த ஈர மண்ணில் வேர் இரும்புச் சத்தைச் சரியாக எடுக்காது. நரம்பு பச்சையாகவும் இலை மஞ்சளாகவும் தெரிந்தால் அதுதான் நோய். லிட்டர் தண்ணீரில் 5 கிராம் அன்னபேதி கரைத்துத் தெளித்தால் சரியாகும்.

கறிவேப்பிலையும் இதே ஜாதிதான். 16 டிகிரிக்குக் கீழே போனால் துளிர் நின்றுவிடும். வெயில் ஏறியதும் நுனியைக் கிள்ளிவிடுங்கள், பக்கத்தில் கிளை வெடிக்கும்.