ஒரு கொட்டு, இரண்டு விதமான உடல்கள்

தேனீ கொட்டினால் சுரீரென்று வலிக்கும், சிவந்து வீங்கும், அரிக்கும். பெரும்பாலோருக்கு அதோடு சரி, ஓரிரு நாளில் ஆறிவிடும். ஆனால் மிகச் சிலருக்கு ஒரே கொட்டு உயிருக்கே ஆபத்தாகிவிடும். அதே தேனீ, அதே நஞ்சு. பிறகு ஏன் இந்த வேறுபாடு, குழந்தைகளே?

பிரான்சு அறிவியலாளர்கள் சார்லஸ் ரிஷேவும் பால் போர்த்தியேவும் 1902-இல் ஒரு விந்தையைக் கண்டார்கள். கடற்சாமந்தி என்னும் கடல் உயிரியின் நஞ்சைச் சில நாய்களுக்குச் செலுத்தினார்கள். பிழைத்த நாய்களுக்குச் சில வாரங்கள் கழித்து மிகக் குறைவாகவே செலுத்தினார்கள். அந்தச் சிறு அளவே அவற்றைக் கடுமையாகத் தாக்கியது! இதற்கு 'அனஃபிலாக்சிஸ்' என்று பெயரிட்டார்கள். ரிஷேவுக்கு 1913-இல் நோபல் பரிசு கிடைத்தது.

தேனீ கொட்டும்போதும் சிலருக்கு இதேபோலத்தான் ஆகிறது. முதல் கொட்டின்போது சிலரது உடல் தேனீ நஞ்சைப் பெரும் பகைவன் என்று தவறாகக் குறித்துக்கொள்கிறது. அதற்கென்றே எதிர்ப்பொருள்களைத் தயாரித்து வைக்கிறது. அடுத்த கொட்டில் உடலெங்கும் ஹிஸ்டமின் போன்ற வேதிப்பொருள்கள் ஒரேயடியாகச் சுரக்கின்றன. இரத்தக் குழாய்கள் விரிந்து இரத்த அழுத்தம் சரிகிறது, மூச்சுக்குழாய்கள் சுருங்குகின்றன.

யாரையாவது தேனீ கொட்டினால், முதலில் அந்த இடத்தைவிட்டு விலகுங்கள். கொட்டிய தேனீ வெளியிடும் வாசனை மற்ற தேனீக்களையும் அழைத்துவிடும். தேனீயின் கொடுக்கு தோலிலேயே தங்கி, நஞ்சை இறக்கிக்கொண்டே இருக்கும். உடனே நகத்தால் சுரண்டி எடுத்துவிட வேண்டும். பிறகு சோப்பும் தண்ணீரும், அதன்மேல் துணியில் சுற்றிய பனிக்கட்டி.

அதன்பின் அவரைக் கவனியுங்கள். உடலெங்கும் தடிப்பு, உதடு அல்லது நாக்கு வீக்கம், மூச்சுத்திணறல், குரல் கரகரப்பு, வாந்தி, தலைசுற்றல் வந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது. பெரியவர்களைக் கூப்பிடுங்கள், 108-ஐ அழையுங்கள். அவரைப் படுக்கவைத்துக் கால்களை உயர்த்துங்கள். மூச்சு முட்டினால் உட்காரலாம். எழுந்து நடக்கவே விடாதீர்கள்.

உயிர் காக்கும் மருந்து அட்ரீனலின். தொடையின் வெளிப்பக்கத் தசையில் போடும் இந்த ஊசி, சுருங்கிய மூச்சுக்குழாயைத் திறந்து, விழுந்த இரத்த அழுத்தத்தை ஏற்றும். அரிப்பு மாத்திரை இதற்கு ஈடாகாது. ஊசி போட்டுத் தேறினாலும் மருத்துவமனைக்குப் போக வேண்டும். அறிகுறிகள் சில மணி நேரத்தில் திரும்பக்கூடும்.

ஒருமுறை இப்படி ஆனவர்கள் ஒவ்வாமை மருத்துவரைப் பார்க்க வேண்டும். நஞ்சை மிகச் சிறு அளவில் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டிக் கொடுத்து உடலைப் பழக்கும் சிகிச்சையும் உண்டு.

உங்கள் வகுப்பில் யாருக்காவது இந்த ஒவ்வாமை இருக்கிறதா? இருந்தால், அவருடைய மருந்து எந்தப் பையில் இருக்கிறது, எந்த ஆசிரியரை அழைக்க வேண்டும் என்று இன்றே கேட்டு வையுங்கள்.