கொங்கு நாட்டில் கம்பனி ஆட்சிக்கால நீதிமன்றங்கள்

கொங்கு நாட்டில் கம்பனி ஆட்சிக்கால நீதிமன்றங்கள் என்பவை, கோயம்புத்தூர்ப் பகுதி ஆங்கிலேயர் வசமான 1799ஆம் ஆண்டு முதல் சென்னை உயர் நீதிமன்றம் தோன்றிய 1862ஆம் ஆண்டு வரை அப்பகுதியில் நீதி வழங்கிய அமைப்புகளைக் குறிக்கும். வரி தண்டும் அதிகாரியே வழக்கையும் விசாரிக்கலாமா என்பதும், அவரது அலுவலகத்தின் மீதே முறையீடு எழுந்தால் அதனைக் கேட்பவர் யார் என்பதும் இக்காலத்தின் முக்கிய வினாக்களாக இருந்தன. எசுப்பானியப் பேரரசும் தனது அமெரிக்கக் குடியேற்றங்களில் இதே வினாவை எதிர்கொண்டது.

பின்னணி

1792ஆம் ஆண்டு சீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி சேலமும் பாராமகாலும் கம்பனிக்குக் கிடைத்தன. கோயம்புத்தூர்ப் பகுதி திப்பு சுல்தானிடமே இருந்து, 1799இல் அவர் இறந்த பின்னரே கம்பனியின் கீழ் வந்தது. தொடக்கத்தில் இப்பகுதி வடக்கு, தெற்கு என இரு பிரிவுகளாக ஆளப்பட்டது. 1804இல் இவை இணைக்கப்பட்டு, கோயம்புத்தூர் நகரம் மாவட்டத் தலைநகராயிற்று. அவ்வாண்டு நவம்பர் 24ஆம் நாளை நினைவுகூர்ந்தே கோவை தினம் கொண்டாடப்படுகிறது.

புதிய ஆட்சியின் முதன்மை அதிகாரி கலெக்டர் எனப்பட்டார். பெயருக்கேற்ப, நிலவரி வசூலிப்பதே அவரது முதற்கடமையாக இருந்தது.

1802ஆம் ஆண்டின் ஒழுங்குவிதிகள்

வங்காளத்தில் 1793இல் கார்ன்வாலிஸ் பிரபு கொண்டுவந்த முறை, 1802இல் சென்னை மாகாணத்துக்கும் விரிவுபடுத்தப்பட்டது. கலெக்டரிடம் வரி நிருவாகம் மட்டும் இருக்க, வழக்குகளைத் தனி நீதிபதியிடம் ஒப்படைப்பதே இதன் அடிப்படையாகும். இதன்படி மூன்று படிநிலைகள் அமைந்தன.

மாவட்ட அளவில் சில்லா நீதிமன்றங்கள் இருந்தன. அவற்றுக்கு மேல் மசூலிப்பட்டினம், சித்தூர், திருச்சிராப்பள்ளி, தலைச்சேரி ஆகிய நான்கு இடங்களில் மாகாண நீதிமன்றங்கள் செயற்பட்டன. எல்லாவற்றுக்கும் மேலாகச் சென்னையில், உரிமையியல் வழக்குகளுக்குச் சதர் அதாலத்தும் குற்றவியல் வழக்குகளுக்குப் பௌஜ்தாரி அதாலத்தும் விளங்கின.

இம்முறையிலும் பிரிவினை முழுமை பெறவில்லை. தொடக்கத்தில் சதர் அதாலத்தில் அமர்ந்தவர்கள் ஆளுநரும் அவரது ஆலோசனைக் குழுவினருமே ஆவர். கீழ்நிலையில் பிரிக்கப்பட்ட ஆட்சியும் நீதியும் உச்சியில் ஒன்றாகவே இருந்தன. 1801இல் சென்னையில் தொடங்கப்பட்ட உச்ச நீதிமன்றம் இவற்றினின்றும் வேறானது. அரசரின் பெயரால் இயங்கிய அதன் அதிகாரம் பெரும்பாலும் சென்னை நகரத்துக்கும் பிரித்தானியக் குடிமக்களுக்கும் உரியதாக இருந்தது. கொங்கு நாட்டு உழவர் தம் வழக்கைக் கொண்டுசெல்ல வேண்டிய இடம் கம்பனி நீதிமன்றமே.

காசிச் செட்டி விவகாரம்

வில்லியம் கேரோ நீண்ட காலம் கலெக்டராக இருந்தபோது, மாவட்டக் கருவூலத்தின் தலைமைப் பணியாளராக விளங்கியவர் காசிச் செட்டி. அரசுப் பணத்திலும் புகையிலை வாணிபத்திலும் பெரும் முறைகேடுகள் நடந்ததாக அவர் மீதும் அவரைச் சார்ந்தவர்கள் மீதும் குற்றச்சாட்டுகள் எழுந்தன. கோயம்புத்தூர்ப் புகையிலை மலபாருக்குப் பெருமளவில் சென்ற பண்டமாகும். அதன் வாணிபம் அரசின் தனியுரிமையாக இருந்ததால், விளைவித்த உழவர் விரும்பிய விலைக்கு விற்க இயலவில்லை.

இதனை ஆராய 1816இல் தாமஸ் மன்றோவும் ஜான் சல்லிவனும் அமர்த்தப்பட்டனர். மன்றோ முன்னர் பாராமகாலில் பணியாற்றி, ரயத்துவாரி முறையை வளர்த்தவர். சல்லிவன் பின்னர் 1830 வரை கோயம்புத்தூர்க் கலெக்டராக இருந்து, உதகமண்டலத்தை உருவாக்கியவராக அறியப்படுகிறார். வழக்கமான நீதிமன்ற அமைப்பு இருந்தும், ஒரு மாவட்ட அலுவலகத்தின் முறைகேட்டை ஆராயத் தனி ஆணைக்குழு தேவைப்பட்டது குறிப்பிடத்தக்கதாகும்.

1816ஆம் ஆண்டின் மாற்றங்கள்

நீதிமன்றங்கள் ஊர்களுக்குத் தொலைவில் இருப்பதும், அவற்றின் நடைமுறைகள் செலவும் தாமதமும் மிக்கவையாக இருப்பதும் ஏழை உழவருக்குப் பயன்படா என்பது மன்றோவின் கருத்து. ஊர் ஊராகச் சுற்றி வரும் கலெக்டரே குறைகளை விரைவில் தீர்க்க வல்லவர் என அவர் வாதிட்டார். அவரது முயற்சியால் 1816இல் நடுவர் அதிகாரமும் காவல் துறைப் பொறுப்பும் கலெக்டரிடம் சேர்ந்தன. ஊர்த் தலைவர்கள் கிராம முன்சீப்புகளாகிப் பத்து ரூபாய் வரையிலான சிறு வழக்குகளை விசாரித்தனர். கொங்கு நாட்டு மணியக்காரர்கள் இப்பதவியின் வழிவந்தவர்கள். தமிழ்நாட்டில் பரம்பரைக் கிராமப் பதவிகள் 1980இல் ஒழிக்கப்பட்டன.

1822ஆம் ஆண்டின் ஒன்பதாம் ஒழுங்குவிதி, தமக்குக் கீழுள்ள வருவாய்ப் பணியாளர்களின் கையாடல்களை விசாரிக்கும் அதிகாரத்தையும் கலெக்டருக்கு அளித்தது. இதனால் விசாரணை எளிதாயிற்று. ஆனால் கலெக்டரின் கவனக்குறைவால் நேரும் தவறுகளுக்கு அவரே விசாரணையாளராகும் நிலையும் உண்டாயிற்று.

எசுப்பானிய அமெரிக்காவுடன் ஒப்பீடு

எசுப்பானிய அரசர் 1511இல் சாந்தோ தொமிங்கோவுக்கும், 1527இல் மெக்சிக்கோவுக்கும், 1543இல் லீமாவுக்கும் அவுதியென்சியா எனும் அரச நீதிமன்றங்களை ஏற்படுத்தினார். இவை மேல்முறையீடுகளை விசாரித்ததோடு, அரசப் பிரதிநிதிக்கு ஆலோசனையும் கூறின. அவரது பதவி வெற்றிடமானபோது ஆட்சியையும் நடத்தின. சட்டம் பயிலாத அரசப் பிரதிநிதி இம்மன்றத்துக்குத் தலைமை தாங்கினாலும், வழக்குகளில் வாக்களிக்க இயலாது.

அதிகாரங்கள் ஒன்றுகலந்திருந்த இவ்வமைப்புக்கு இரு கட்டுப்பாடுகள் இருந்தன. பதவிக்காலம் முடிந்த அதிகாரி, தம் மீதான முறையீடுகள் விசாரிக்கப்படும் வரை அவ்வூரிலேயே தங்க வேண்டும். இது ரெசிதென்சியா எனப்பட்டது. தனிப் பார்வையாளரை அனுப்பி ஆராய்வது விசித்தா எனப்பட்டது. நடைமுறையில் இவற்றிலும் கையூட்டும் சலுகையும் புகுந்தன. 1816ஆம் ஆண்டின் கோயம்புத்தூர் விசாரணையை விசித்தாவோடு ஒப்பிடலாம். ஆயினும் ரெசிதென்சியா போலப் பதவி விலகும் ஒவ்வொருவர் மீதும் முறையீடு கேட்கும் வழக்கம் கம்பனி ஆட்சியில் இல்லை.

பிற்காலம்

மாகாண நீதிமன்றங்கள் 1843இல் நீக்கப்பட்டன. 1862இல் சதர் அதாலத்தும் உச்ச நீதிமன்றமும் இணைந்து சென்னை உயர் நீதிமன்றமாயின. கலெக்டரின் நடுவர் அதிகாரம் அதன் பின்னரும் தொடர்ந்தது. நீதித்துறையை நிருவாகத்தினின்றும் பிரிக்க வேண்டும் என்பதை இந்திய அரசியலமைப்பின் 50ஆம் உறுப்பு நெறியாக வகுத்தது. 1974 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த குற்றவியல் நடைமுறைச் சட்டம், குற்ற வழக்குகளின் விசாரணையை நீதித்துறை நடுவர்களிடம் ஒப்படைத்தது. பொது அமைதி காத்தல் போன்ற அலுவல்களுக்காக, மாவட்ட ஆட்சியர் இன்றும் மாவட்ட நிர்வாக நடுவராக விளங்குகிறார்.